மட் டயர் பட்டன்களை வீட்டிலேயே வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார், ஜிப்சி, ஜிம்னி, பொலேரோ போன்ற வண்டிகளில் மட் டயர் போட்டு ஆஃப்ரோடு ஓட்டுபவர்களுக்காக எழுதியது. ரோட்டுக்குத் தனி டயர் செட்டும், சேற்றுக்கும் பாறைக்கும் இன்னொரு செட்டும் வைத்திருப்பவர்களுக்கே இந்த வேலை பொருந்தும். தினமும் ஆபீசுக்குப் போய்வரும் டயரில் கத்தி வைக்க வேண்டாம். தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டையை இங்கே பட்டன் என்றும், பட்டன்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பள்ளம் என்றும் சொல்கிறோம்.

நல்ல டயரை ஏன் வெட்ட வேண்டும்?

கம்பெனி போடும் டிரெட் (தரையில் படும் பட்டன், பள்ளம் அமைப்பு), சாலைச் சத்தம், தேய்மானம், மழைப் பிடிப்பு, சேறு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சமரசம். அதில் ரோட்டுக்கான பங்கை விட்டுக்கொடுத்து, சேற்றுக்கோ பாறைக்கோ கூடுதல் பிடிப்பு வாங்கிக்கொள்வதற்குத்தான் பட்டன் வெட்டுவது.

வெட்டினால் இரண்டு பலன் உண்டு. முதலாவது, பள்ளம் அகலமாவதால் அடைத்த சேறு எளிதாகக் கழன்று விழும். சேறு அப்பிய டயர் எத்தனை ஆழப் பட்டன் இருந்தாலும் மொழுமொழு டயர்தான். இரண்டாவது, பெரிய பட்டனைப் பிளந்தால் இரண்டு பாதியும் தனித்தனியாக வளைந்து கல்லின் மேடுபள்ளத்தில் உட்காரும், பிடிக்கும் விளிம்புகளின் எண்ணிக்கையும் கூடும். எடை குறையும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால், 8 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆழம், 60 மி.மீ. நீளத்தில் வெட்டும் ஒரு வெட்டில் வருவது 6 முதல் 7 கிராம் ரப்பர். 80 வெட்டுக்கு அரைக் கிலோ சொச்சம். அதற்காக மட்டும் வெட்டுவது வீண்.

வெட்டுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. காற்றைக் குறைத்துப் பாருங்கள். ரோட்டில் 30 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் வண்டியைச் சேற்றிலும் பாறையிலும் 15 முதல் 18 வரை இறக்கினால் டயர் தரையில் படியும் நீளம் கூடும், பட்டன்கள் விரிந்து மூடி சேற்றைத் தானே உதறும். டயர் ஓரத்தை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் இல்லாத ரிம்மில் அதற்கும் கீழே இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ரோட்டுக்கு ஏறும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும், எனவே கம்ப்ரசர் கூடவே இருக்கட்டும். டயரை வெட்ட வேண்டும் என்று கேட்பவர்களில் பலருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். காற்றைத் திரும்ப ஏற்றலாம், வெட்டின ரப்பரைத் திரும்ப ஒட்ட முடியாது.

எந்த டயரை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது?

பக்கவாட்டில் வெடிப்பு, வீக்கம், பழைய வெட்டுக்காயம், ஏற்கெனவே ரீட்ரெட் செய்தது, வருடக் கணக்கில் வெயிலில் கிடந்து இறுகிப் போனது ஆகியவற்றைத் தொடாதீர்கள். இறுகின ரப்பரில் வெட்டின மூலையிலிருந்தே விரிசல் ஓடும். தயாரிப்புத் தேதி பக்கவாட்டில் நான்கு இலக்கமாக இருக்கும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ரேடியல் மட் டயரில் டிரெட்டுக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் ஓடுகிறது. பல டயர்களில் அதற்கும் மேலே நைலான் அடுக்கு ஒன்று இருக்கும். மலேசியாவின் சில்வர்ஸ்டோன் எம்டி-117 போன்ற போட்டி டயர்களும் அமெரிக்காவின் சூப்பர் ஸ்வாம்பர் வகைகள் பலவும் நம் ஊரில் நைலான் டயர் என்று சொல்லும் பயாஸ் கட்டுமானம், அதாவது நைலான் நூல் அடுக்குகளைக் குறுக்கும் மறுக்குமாக வைத்துச் செய்தவை. அவற்றில் பட்டன் ஆழமாகவும் கனமாகவும் இருப்பதால் வெட்டுவதற்கு இடம் அதிகம். முதல் முறை கை வைப்பதாக இருந்தால், ஓரளவு தேய்ந்த, இனி ரோட்டில் ஓடப்போகாத ஸ்பேர் டயரில் பத்துப் பட்டன் வெட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கம்பெனி போட்ட பள்ளத்தின் தரையை ஒருபோதும் தாண்டக் கூடாது. தாண்டாமல் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு 2 மி.மீ. மேலேயே நிற்க வேண்டும்.

காரணம் எளிது. பள்ளத்தின் தரைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் ரப்பர்தான். கல் குத்தும்போது கம்பியைக் காப்பதும், தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பதும் அந்தச் சிறு அடுக்கு. ரீகுரூவிங் (தேய்ந்த பள்ளத்தை வெட்டி ஆழமாக்குவது) செய்வதற்கென்றே தயாரான லாரி டயர்களில் கூட, வெட்டிய பிறகு நூலுக்கு மேல் குறைந்தது 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மி.மீ. ரப்பர் மிஞ்ச வேண்டும் என்று அமெரிக்க விதி கேட்கிறது. அந்த லாரி டயர்களில் அடியில் கூடுதல் ரப்பர் வைத்தே செய்கிறார்கள். நம் வண்டிகளின் எல்டி (லைட் டிரக்) டயர்களில் அது கிடையாது.

எனவே முதலில் டெப்த் கேஜ் வைத்துப் பள்ளத்தை அளக்க வேண்டும். ஒரே இடத்தில் அளந்தால் பத்தாது. சுற்றிலும் ஆறு இடங்களில், ஒவ்வொன்றிலும் நடுவிலும் இரு ஓரத்திலும் அளந்து, கிடைத்ததிலேயே குறைந்த எண்ணை எடுங்கள். புது மட் டயரில் 14 முதல் 17 மி.மீ. வரை பரவலாக இருக்கும். 15 வந்தால் வெட்டு 13. தேய்ந்து 9 ஆகிவிட்ட டயரில் 7. கல்லும் சேறும் தள்ள, பள்ளத்தின் அடியில் கம்பெனி சிறு மேடுகள் வைத்திருக்கும். கேஜின் முனை அவற்றின் மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளேடில் வைத்த அளவும் ரப்பரில் விழும் அளவும் ஒன்றாக இருக்காது. கருவியை அழுத்தும்போது ரப்பர் அமுங்குவதால் வெட்டு ஒரு மில்லிமீட்டர் வரை ஆழமாக இறங்கிவிடும். முதல் வெட்டை முடித்ததும் ஆறவிட்டு அளந்து, பிறகு பிளேடைச் சரிசெய்யுங்கள்.

தோள்பட்டைப் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். டயர் அங்கே வளைந்து இறங்குகிறது. வெட்டு ஓரத்தை நெருங்கும்போது கருவியின் தலை முன்னால் கவிழும், பிளேடு முனை உள்ளே முங்கும். ரேடியல் டயரில் பெல்ட்டின் ஓரம் முடிவதும் அதே இடத்துக்கு அடியில்தான், டிரெட் கழன்று வருவது பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான். கடைசி 20 மி.மீ. வரும்போது கைப்பிடியை மெல்லத் தாழ்த்தி, பிளேடை மேல்நோக்கி எடுத்துக்கொண்டே வெளியே வாருங்கள்.

என்ன கருவி வேண்டும்?

சூடான பிளேடு வைத்த டயர் குரூவர். உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் குறைந்த வோல்ட்டில் அதிக கரண்ட்டைப் பிளேடு வழியே செலுத்துகிறது. பிளேடு சூடாகி ரப்பரை இளக்கிக்கொண்டே வெட்டுகிறது. 230 வோல்ட்டில் ஓடக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள், அமெரிக்க மாடல்கள் 110 வோல்ட்டில் வரும். சூட்டைக் கூட்டிக் குறைக்க ஸ்விட்ச் இருப்பது அவசியம்.

பிளேடில் இரண்டு வகை. அடி உருண்டையான யூ வடிவம், அடி தட்டையான சதுர வடிவம். எப்போதும் யூ வடிவத்தை எடுங்கள். சதுர வெட்டின் கூர் மூலையில்தான் இழுவை குவிந்து விரிசல் விழும். அகலம் 6 முதல் 8 மி.மீ. இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். பிளேடு தேயும், கல்லில் பட்டால் உடையும். நான்கு டயருக்கு ஒரு டஜன் கையில் இருக்கட்டும்.

கூடவே வேண்டியவை: டெப்த் கேஜ், வெள்ளை மார்க்கர் அல்லது சாக்பீஸ், கெட்டி அட்டை, கல் நோண்ட மழுங்கின ஸ்க்ரூடிரைவர், பித்தளை பிரஷ், சமையலறைத் தராசு, தோல் கையுறை, கண்ணாடி, முகமூடி.

கிரைண்டர், ஆக்ஸா பிளேடு, சூடாக்கிய கத்தி வைத்து வெட்டலாமா?

ஆங்கிள் கிரைண்டர் கூடாது. ரப்பர் உருகி டிஸ்க்கில் ஒட்டும், கருவி கையை விட்டு எகிறும், தீயும் பிடிக்கலாம், ஆழம் கட்டுப்பாட்டில் இருக்காது. அடுப்பில் காய்ச்சின கத்தி இரண்டு அங்குலம் போவதற்குள் ஆறிவிடும். ஆக்ஸா பிளேடு, கட்டர் கத்தி இரண்டையும் சோப்புத் தண்ணீர் தொட்டு மெல்லிய கீறல் போடுவதற்குப் பயன்படுத்தலாம். அகலப் பள்ளத்துக்கு உதவாது.

எந்த மண்ணுக்கு எப்படி வெட்டுவது?

கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மழையில் பசை மாதிரி ஒட்டும். அங்கே வேண்டியது வழி. நடுவில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் தோள்பட்டை வரை தடையில்லாமல் திறந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். எங்காவது முட்டி நின்றால் அந்தக் குழியில்தான் சேறு முதலில் அடையும். முட்டுகிற பட்டனின் மூலையைச் சாய்வாக வெட்டி வழியைத் திறந்தால் போதும், எல்லாப் பட்டனையும் வெட்டத் தேவையில்லை. சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் சேறு பறக்கும். 80 குதிரைத்திறன் உள்ள ஜிப்சி போன்ற வண்டியில் அந்த வேகம் எல்லா நேரமும் கிடைக்காது என்பதால், அகலப் பள்ளத்தின் பலன் அதில் இன்னும் நன்றாகத் தெரியும்.

கோவாவில் 2014 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற மழைக்காலப் போட்டிகளில் செம்மண் சேறும் வழுக்குக் கல்லும் மாறி மாறி வரும். அங்கே நடுப் பட்டன்களில் வழி திறப்பது, தோள்பட்டைப் பட்டன்களில் ஒன்றுவிட்டு ஒன்றைக் குறுக்கே பிளப்பது என்ற கலவை சரியாக இருக்கும்.

ஈரப் பாறைக்கு அகல வெட்டை விட மெல்லிய கீறல் நல்லது. 15 மி.மீ. உயரப் பட்டனில் 6 அல்லது 7 மி.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். வண்டி போகும் திசைக்குக் குறுக்கே போட்ட கீறல் ஏற்றத்திலும் பிரேக்கிலும் பிடிக்கும். நீளவாக்கில் போட்டது வண்டி பக்கவாட்டில் சரியாமல் தடுக்கும். கீறலின் ஒரு முனையையாவது பட்டன் ஓரத்துக்கு 5 மி.மீ. முன்னால் நிறுத்திவிடுங்கள்.

தேரி மணல், கடற்கரை மணல் என்றால் வெட்டவே வேண்டாம். மணலில் டயர் தோண்டக் கூடாது, மிதக்க வேண்டும்.

எப்படிக் குறிப்பது? அளந்து சம தூரத்தில் கோடு போட்டால் போதுமா?

போதாது. சாலையில் ஒரே சுருதியில் ஊளையிடாமல் இருக்க, கம்பெனிகள் பட்டன்களை இரண்டு மூன்று வெவ்வேறு நீளத்தில் கலந்து அடுக்குகின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். டேப் வைத்துச் சம தூரத்தில் குறித்தால் கால் சுற்றுக்குள் கோடு பட்டனின் நடுவை விட்டு விலகிவிடும்.

ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு அட்டை வெட்டி, 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டு, பொருந்தும் அட்டையை அந்தந்தப் பட்டன்மேல் வைத்து வரையுங்கள். நான்கு டயரையும் குறித்து முடித்துவிட்டு, எட்டடி தள்ளி நின்று பார்த்த பிறகு கருவியைக் கையில் எடுங்கள். ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர் என்றால் அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதைப் பெரிதாக எழுதி வையுங்கள்; இடது வலது மாறிப்போவது இந்தக் கட்டத்தில்தான்.

வெட்டும் முறை என்ன?

டயரைக் கழுவி முழுசாகக் காயவிடுங்கள். ஈரம் பிளேடைக் குளிரவைக்கும், ஆவி கையைச் சுடும். பட்டன்களுக்குள் புதைந்த கற்களை ஒன்று விடாமல் நோண்டி எடுங்கள்.

டயர் ரிம்மில் இருக்கட்டும், காற்று 15 முதல் 20 பிஎஸ்ஐ. காற்றே இல்லாவிட்டால் பட்டன் நழுவும். வண்டியில் மாட்டியே வெட்டலாம், ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பழைய ஹப் ஒன்றை மேசையில் பூட்டி அதில் டயரைச் சுழற்றி வெட்டினால் முதுகு பிழைக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்த டயர் இன்னும் சுலபமாக வெட்டுப்படும்.

10 மி.மீ.க்கு மேல் ஆழம் என்றால் இரண்டு தடவையாக: முதலில் 6, அதே தடத்தில் மறுபடி முழு ஆழம். கருவியின் தலை டிரெட்டில் முழுவதும் படிந்திருக்க, இரண்டு கையாலும் பிடித்து, பிளேடு போகும் வேகத்தில் கூடவே போங்கள். பிடித்த கையோ காலோ பிளேடு போகும் வழியில் இருக்கக் கூடாது. ஒரு டயர் முடிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். கை சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள், ஆழம் தவறுவது கடைசி இருபது பட்டன்களில்தான்.

சூடு சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பிளேடுக்குப் பின்னால் வெளியே வரும் ரப்பர் நாடாவைப் பாருங்கள். சூடு சரியாக இருந்தால் அது பளபளப்பாக, ஒரே கனத்தில், சுருண்டு வரும். வெட்டின சுவரில் விரல் வைத்தால் வழவழப்பாக இருக்கும். சூடு குறைவு என்றால் தள்ளுவதற்குப் பலம் வேண்டும், நாடா பிய்ந்து பிய்ந்து வரும், சுவர் சொரசொரவென்று இருக்கும். சூடு அதிகம் என்றால் அடர்ந்த புகை, ஓரத்தில் குமிழி, ஆறிய பிறகும் கையில் ஒட்டும் பிசுபிசுப்பு. அப்படிக் கருகின ரப்பருக்குப் பலம் கிடையாது, அங்கிருந்தே பட்டன் பிய்யும். பிளேடு சிவந்து ஒளிர்ந்தால் சூடு மிக அதிகம், இளகி வளைந்துவிடும். பிளேடு ரப்பருக்குள் இல்லாத நேரத்தில் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

முழுப் பட்டனையே எடுத்துவிடலாமா?

கனமான பயாஸ் டயர்களில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரேடியலில் எங்கள் கருத்து: வேண்டாம். மிஞ்சும் பட்டன்கள் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கும், திறந்த தரையில் கல் நேராகக் குத்தும். பயாஸ் டயரில் எடுப்பதாக இருந்தால் அடியோடு சீவாமல் 3 மி.மீ. உயரத்துக்கு அடிக்கட்டை விடுங்கள்.

வெட்டிய பட்டன் பிய்ந்து போவது எதனால்?

பெரும்பாலும் மிஞ்சின துண்டு ஒல்லியாக இருப்பதால். துண்டின் அகலம் அதன் உயரத்தை விடக் குறையக் கூடாது. 13 மி.மீ. ஆழம் வெட்டினால், இருபுறமும் மிஞ்சும் துண்டு 13 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 8 மி.மீ. வெட்டையும் சேர்த்தால் பட்டன் 34 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும் என்று ஆகிறது. அதைவிடச் சின்னப் பட்டனை அகலமாகப் பிளக்காமல் மெல்லிய கீறலோடு விட்டுவிடுங்கள்.

இரண்டு வெட்டுகள் கூர்மையாகச் சந்திப்பது, ஓரம் கருகுவது, வெட்டின டயரைத் தார் ரோட்டில் வேகமாகத் திருப்புவது ஆகியவை மற்ற காரணங்கள்.

புகை அவ்வளவு கெடுதலா?

ஆம். ரப்பர் தொழிற்சாலையில் வேலை செய்வதைப் புற்றுநோய் உண்டாக்கும் சூழல்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. அங்குள்ள புகையும் தூசியும் அதில் அடக்கம். மூடின ஷெட்டில் வெட்டாதீர்கள். வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். துணி முகமூடியும் சாதாரண என்95ம் வாயுவைத் தடுக்காது. கரி வடிகட்டியும் தூசி வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மாஸ்க் வேண்டும். வெட்டின ரப்பரை எரிக்காமல் பழைய டயர் எடுப்பவரிடம் கொடுங்கள்.

நூலோ கம்பியோ தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

நாடாவின் அடிப்பக்கத்தில் வெளிர் நூல் வரிகளோ வெள்ளிக் கோடுகளோ தெரிந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். ரேடியலில் கம்பி தெரிந்த டயர் ரோட்டுக்கு லாயக்கில்லை. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளேயே துரு ஓடும், மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெவிகுவிக், டயர் பசை, சிலிகான் எதுவும் இதற்கு மருந்தல்ல. பயாஸ் டயரின் நைலான் துருப்பிடிக்காது என்றாலும், அறுந்த நூல் தன் பங்குப் பாரத்தைப் பக்கத்து நூலுக்குத் தள்ளும். அங்கே வீக்கம் கிளம்பும். இரண்டையும் கழித்துவிடுங்கள்.

பாலன்ஸ் கெடாதா?

குறித்தபடி சுற்றிலும் ஒரே மாதிரி வெட்டினால் அதிகம் கெடாது. டயரை மனதுக்குள் நான்கு கால்பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் வந்த நாடாக்களைத் தனித்தனிப் பையில் போட்டுத் தராசில் வையுங்கள். ஒன்று மட்டும் கணிசமாகக் கனத்தால் அங்கே ஆழமாகப் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேஜ் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். அதன்பிறகு கடையில் வீல் பாலன்சிங் செய்துகொள்ளலாம்.

வெட்டின டயரை ரோட்டில் ஓட்டலாமா?

இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகள், கார் ஜீப் டயருக்கு டிரெட் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்கின்றன. அந்தக் கணக்கில் வெட்டின மட் டயர் தேறிவிடலாம். ஆனால் கம்பெனி வாரண்டி போய்விடும், விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். ஓட்டத்திலும் வித்தியாசம் தெரியும்: பிளந்த பட்டன் ஆடுவதால் சூடு ஏறும், தார் ரோட்டில் பிரேக் தூரம் கூடும், ஈர ரோட்டில் வால் பக்கம் சீக்கிரம் நழுவும். ஆஃப்ரோடு இடம் வரை போய்த் திரும்புவதாக இருந்தால் 60, 70 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம். தூரம் அதிகம் என்றால் அந்த டயர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே மாற்றுங்கள்.

தேய்ந்த டயரில் பள்ளத்தை ஆழமாக்கிப் புதுசு போல ஓட்டலாமா?

கூடாது. பட்டனை வெட்டுவது வேறு, தரையைத் தோண்டுவது வேறு. பக்கவாட்டில் ரீகுரூவபிள் என்ற சொல்லோ அதற்கான குறியோ உள்ள லாரி, பஸ் டயர்களில் மட்டுமே அந்த வேலை செய்யலாம்.

வெட்டிய பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

முதல் 50 கி.மீ. ஓடியதும், அதன்பின் ஒவ்வொரு ஆஃப்ரோடு ஓட்டத்துக்குப் பிறகும் டயரைக் கழுவி, பட்டனைக் கட்டைவிரலால் வளைத்து வெட்டின் அடியைப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் மார்க்கரால் அதன் இரு முனையையும் குறித்து வையுங்கள். அடுத்த தடவை பார்க்கும்போது குறியைத் தாண்டி நீண்டிருந்தால், அந்தப் பட்டனின் பிளந்த பாதியை அடியில் 3 மி.மீ. விட்டுச் சீவி எடுத்துவிடுங்கள். விரிசல் பள்ளத்தின் தரைக்கு இறங்கியிருந்தால் டயரைக் கழற்றிவிட வேண்டியதுதான்.